சர்க்கரைக் கருவியும் சித்திரகுப்தன் கணக்கும்

(முதல் வகைச் சர்க்கரை வியாதியுள்ள பிள்ளைகளின் பெற்றோர்கள் கூடிய கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், முதல் வகைச் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை அளக்கும் கருவியை, அதாவது சென்சார் என்று சொல்லப்படுவதை, முதன்முதலாக எப்படி உபயோகிக்க ஆரம்பிப்பது என்பதாகும். இதைப்பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். நான் டாக்டரல்ல. ஒன்பதாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு தெரிந்துகொண்டதெல்லாம் வாசகசாலையிலும் மேடையடியிலும் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதுதான். எனக்குள்ள யோக்கியதையெல்லாம் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் மகள்தான். அவளுக்கு இப்போது வயது 13. எட்டாவது வயதில் இந்த வியாதி வந்தது. இரண்டு வருஷமாகக் கருவி போட்டுக்கொள்ளுகிறாள். இந்த இரண்டு வருஷத்தில் நான் செய்த முட்டாள்தனங்களை நீங்களும் செய்யவேண்டியதில்லை என்பதற்காகவே பேச ஒப்புக்கொண்டேன்.

ஆனாலும் நான் சொல்லுவதை நான் சொன்னேன் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். உங்கள் பிள்ளையின் டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் பிள்ளையின் தேகத்திலேயே கவனித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

முதலாவது, வியாதி இன்னதென்று தெரியாமல் கருவியைப்பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை. நம் தேகத்தில் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கின்றது. அதில் பீட்டா செல்கள் என்பவை இன்சுலினைச் சுரக்கின்றன. தேகத்தைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறிப்போய் அந்தச் செல்களை அழித்துவிடுகின்றது. இதுதான் முதல் வகை. பிள்ளை மிட்டாய் தின்றதால் வந்ததல்ல. தாய் கர்ப்ப காலத்தில் எதையோ தின்றதால் வந்ததல்ல. போன ஜன்மத்துப் பாவத்தால் வந்தது என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள்; எட்டு வயதுக் குழந்தையின் தலையில் அப்படியொரு குற்றத்தைச் சுமத்த எப்படித்தான் மனம் வருகிறதோ தெரியவில்லை. இன்சுலின் சுரக்கவில்லையென்றால் வெளியிலிருந்து செலுத்தவேண்டும். அவ்வளவுதான் சங்கதி. பெரியவர்களுக்குச் சாதாரணமாக வருகிற இரண்டாம் வகைக்கு மாத்திரை உண்டு, உணவுக் கட்டுப்பாடு உண்டு. முதல் வகைக்கு இன்சுலின் இல்லாமல் உயிரில்லை.

நான் ஏமாந்த கதை

இதை இவ்வளவு உறுதியாக ஏன் சொல்லுகிறேனென்றால், இதற்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். மகளுக்கு வியாதி கண்ட நாலாவது மாதம், உறவினர் ஒருவர் ஒரு வைத்தியரிடம் அழைத்துப்போனார். அந்த ஆள் மந்திரம் சொல்லியிருந்தால் அங்கேயே இரண்டிலொன்று பார்த்திருப்பேன். விபூதி கொடுத்திருந்தால் மேடையில் ஏற்றி மானத்தை வாங்கியிருப்பேன். ஆனால் அவர் அப்படியெல்லாம் பேசவில்லை. "செல்" என்றார், "நச்சு நீக்கம்" என்றார், "இன்சுலின் ஒரு பழக்கம், விட்டால் கணையம் தானே விழித்துக்கொள்ளும்" என்றார். சுவரிலே படம் வேறு மாட்டியிருந்தார். நான், ஊருக்கெல்லாம் பகுத்தறிவு சொல்லுகிறவன், வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். பொடியை வாங்கிக்கொண்டு வந்து ஊசியை நிறுத்தினோம். இரண்டாம் நாள் குழந்தை வாந்தியெடுத்தாள். மூச்சு வாங்கிற்று, வாயில் ஒரு பழவாடை அடித்தது. இன்சுலின் இல்லாமல் தேகம் கொழுப்பை எரிக்க ஆரம்பித்து, இரத்தத்தில் கீட்டோன் என்கிற அமிலம் ஏறிவிட்டது. மூன்று நாள் தீவிர சிகிச்சை அறையின் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பிழைத்தாள். அந்த மூன்று நாளில் தெரிந்துகொண்டது என்னவென்றால், மூடநம்பிக்கை காவி கட்டிக்கொண்டுதான் வரவேண்டுமென்பதில்லை, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டும் வரும் என்பதே.

1922-ஆம் வருஷத்துக்கு முன்னே இந்த வியாதி வந்த பிள்ளைகளுக்கு மரணத்தைத் தவிர வேறு வழி கிடையாது. பட்டினி போட்டு நாளைத் தள்ளுவார்கள். அந்த வருஷம் ஜனவரி மாதம், கனடா தேசத்து டொரான்டோ நகரத்தில், லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலினைச் செலுத்தினார்கள். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. மருந்து சுத்தமாயில்லை. அதற்காக விட்டுவிட்டார்களா? காலிப் என்கிறவர் மருந்தைச் சுத்தி செய்தார், பன்னிரண்டு நாள் கழித்து மறுபடியும் போட்டார்கள், சர்க்கரை இறங்கிற்று. அந்தப் பையன் அதன் பிறகு 13 வருஷம் உயிரோடிருந்தான். செய்து பார்ப்பது, தவறினால் ஏன் தவறிற்று என்று பார்ப்பது, திருத்திக்கொண்டு மறுபடி செய்வது, இதுதான் அங்கே நடந்த அற்புதம். வேறொன்றுமில்லை. கருவி விஷயத்திலும் நாம் செய்யவேண்டியது இதே காரியந்தான்.

கருவி என்ன செய்கிறது?

கருவியின் சங்கதிக்கு வருகிறேன். ஒரு பழைய ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டமான பொத்தான். அதன் அடியிலே மயிரிழை போன்ற ஒரு இழை, ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளம், தோலுக்கடியில் இறங்கியிருக்கும். ஒட்டும்போது ஒரு ஊசி அதை உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடும். ஊசி உள்ளேயே இருக்கிறதென்று பலர் பயப்படுகிறார்கள், இல்லை. இழையின் மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்கிற ஒரு நொதி பூசியிருக்கிறது. அது சர்க்கரையோடு சேரும்போது உண்டாகும் சொற்ப மின்சாரத்தைக் கருவி அளக்கிறது. சர்க்கரை அதிகமானால் மின்சாரம் அதிகம். அமெரிக்காவிலே கிளார்க், லையன்ஸ் என்ற இருவர் 1962-லேயே இந்த யுக்தியைச் சொல்லிவிட்டார்கள். அது தேகத்தில் மாட்டிக்கொள்ளும் கருவியாக அங்கே அரசாங்க அங்கீகாரம் பெறுவதற்கு 1999 ஆகிவிட்டது. அந்த முதற்கருவியில் ஒரு வேடிக்கை: வியாதிக்காரர் அதை மாட்டிக்கொண்டு திரியலாமே தவிர, எண்ணைப் பார்க்க முடியாது. சில நாள் கழித்து டாக்டர்தான் எடுத்துப் பார்ப்பார். வேதத்தைச் சுமக்கலாம், படிக்கக்கூடாது என்பது போல! இப்போதோ நம் கைத்தொலைபேசியிலேயே நிமிஷத்துக்கு நிமிஷம் தெரிகிறது.

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனிக்கவேண்டும். கருவி அளப்பது இரத்தத்தையல்ல. தோலுக்கடியில் செல்களுக்கிடையே இருக்கும் நீரிலுள்ள சர்க்கரையை அளக்கிறது. ஆற்றிலே தண்ணீர் வந்தவுடனே கடைமடை வயலில் தண்ணீர் ஏறிவிடுவதில்லை. வாய்க்கால் வழியாக வந்து சேர நேரமாகும். அதுபோல இரத்தத்தில் ஏறினதோ இறங்கினதோ கருவிக்குத் தெரிய ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். சர்க்கரை ஒரே மட்டத்தில் நிற்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாயிருக்கும். வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டும் வேறு வேறாயிருக்கும். "விரலில் குத்தினால் 140, கருவியில் 158, எது பொய்?" என்று கேட்கிறார்கள். இரண்டும் பொய்யல்ல. நூற்றுக்குப் பத்து முன்னே பின்னே இருப்பதை இந்தக் கருவிகளில் எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

இன்னொன்று. இந்தக் கருவி அளக்கும், இறக்காது. என் உறவிலேயே ஒருவர் இதைப் போட்டுக்கொண்டால் ஊசி வேண்டாமல்லவா என்று கேட்டார். தராசு வாங்கினால் அரிசி வாங்கவேண்டாமா என்று திருப்பிக் கேட்டேன்.

முதல் நாள்

ஒட்டுவதற்கு நாள் நட்சத்திரம் பார்க்கவேண்டாம். ஆனால் நாள் பார்க்கவேண்டும். பரீட்சை நாளன்றும், கலியாண வீட்டுக்குப் போகும் நாளன்றும் முதல் கருவியை ஒட்டாதீர்கள். வீட்டில் அமைதியாக இருக்கும் நாளாக, மறுநாளும் விடுமுறையாக இருக்கும்படி பாருங்கள். ஏனென்றால் ஒட்டியதும் ஒரு மணி நேரமோ, சில வகைகளில் அதற்குக் கொஞ்சம் குறைவாகவோ கூடுதலாகவோ, கருவி எண் காட்டாது. காட்ட ஆரம்பித்த பிறகும் முதல் நாள் முழுதும் அது சொல்லுவதைச் சந்தேகத்தோடுதான் கேட்கவேண்டும். தேகத்தில் புதிதாகக் குத்திய இடம் ஆறி அடங்க நேரமாகிறது. அன்று விரலில் குத்திப் பார்ப்பதை விடக்கூடாது.

பெரும்பாலும் மேற்கையின் பின்பக்கச் சதையில் ஒட்டுவது. நம் வீடுகளில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கமுண்டு. ஒட்டும் நாளன்று எண்ணெய் ஆகாது. முந்தின நாள் தேய்த்த எண்ணெய் தோலிலிருந்தாலும் மூன்றாம் நாள் கருவி கழன்று கையில் வரும். எங்களுக்கு இரண்டு கருவி அப்படிப் போயிற்று. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஆல்கஹால் பஞ்சினால் துடைத்து, அது காய்ந்த பிறகு ஒட்டவேண்டும். காயுமுன் அவசரப்படாதீர்கள். சித்திரை வைகாசி வெயிலில் வியர்வை அதிகமாதலால் மேலே ஒரு பிளாஸ்திரி சுற்றிக்கொள்ளுவது நல்லது. கதவு நிலையில் இடித்துக்கொள்ளாத கையாகப் பாருங்கள். குளிக்கலாம், விளையாடலாம். அடுத்த முறை மற்றக் கையில் ஒட்டவேண்டும். வகையைப் பொறுத்து 10 நாளோ 14 நாளோ, சிலது அதற்குக் கொஞ்சம் கூடவோ ஓடும். காந்த அலைப் படம் எடுக்கப் போனால் கழற்றச் சொன்னால் கழற்றிவிடுங்கள். சில கருவிகளில் வைட்டமின் சி மாத்திரை அதிகமாகச் சாப்பிட்டால் இல்லாத சர்க்கரையைக் காட்டும். வேறு சிலவற்றில் பாராசிட்டமால் அதே வேலையைச் செய்யும். உங்கள் கருவியின் கூடவே வரும் தாளில் அச்சிட்டிருக்கிறது. அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை, பஞ்சாங்கத்தை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொண்டு படிக்கிறார்கள்.

எண்ணும் அம்பும்

திரையில் ஒரு எண் வரும், பக்கத்தில் ஒரு அம்புக்குறி வரும். எண்ணைவிட அம்பு முக்கியம். 110 என்று காட்டிப் படுக்கையான அம்பு இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். அதே 110, கீழ்நோக்கிச் செங்குத்தான அம்போடு இருந்தால், இன்னும் கால் மணியில் பிள்ளைக்கு நடுக்கம் கண்டுவிடும்.

70-க்குக் கீழே போனால் உடனே கவனிக்கவேண்டும். சாதாரணமாகப் பெரியவர்களுக்கு 15 கிராம் சர்க்கரை. அதாவது ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்து. சிறு பிள்ளைகளுக்கு இதைவிடக் குறைவு. உங்கள் பிள்ளைக்கு எவ்வளவென்று டாக்டரிடம் கேட்டுச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். சாக்லேட்டு வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். கொடுத்துவிட்டு 15 நிமிஷம் பொறுத்து விரலில் குத்திப் பாருங்கள். கருவியைப் பார்த்தால் கடைமடைத் தண்ணீர் கதைதான். இரத்தத்தில் ஏறிவிட்டிருக்கும், கருவியோ இன்னும் இறங்குகிறதென்று காட்டும். பயந்துபோய் மேலும் மேலும் கொடுத்துவிடுவோம். பிள்ளை நினைவிழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. குளுக்ககான் ஊசி கையிலிருந்தால் போடவேண்டும், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கவேண்டும்.

ஏறினாலும் இதே ஆபத்து வேறு விதமாக உண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 250 என்று காட்டும். தாய்க்கு மனசு கேட்காது, இன்னொரு ஊசி போடுவாள். முதலில் போட்ட விரைவு இன்சுலினே நாலு மணி நேரம் வரையில் வேலை செய்துகொண்டிருக்குமே! இரண்டும் சேர்ந்து நடு இரவில் பிள்ளையைக் கீழே தள்ளிவிடும். கருவி வருவதற்கு முன்னே இந்த ஏற்றம் நம் கண்ணில் படாது. ஆகையால் இந்தத் தவறும் குறைவு. கண் வந்த பிறகு நிதானமும் வரவேண்டியிருக்கிறது.

என் இல்லத்து மணி

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். கருவி போட்ட இரண்டாவது வாரம், இரவு 2 மணிக்குக் கைத்தொலைபேசியில் அபாய மணி அடித்தது. பார்த்தால் 52. குழந்தையை உலுக்கி எழுப்பிச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். அவள் "எனக்கு ஒன்றுமில்லை அப்பா, தூக்கம் வருகிறது" என்றாள். அப்படியே சரிந்து படுத்துக்கொண்டாள். கால் மணி கழித்து 50. மறுபடியும் கொடுத்தேன். மறுபடியும் மணி. மூன்றாந்தரமும் கொடுத்தேன். காலையில் 310.

மறுநாள் டாக்டர் கோட்டுப் படத்தைப் பார்த்தவுடனே சிரித்தார். குழந்தை கருவி இருந்த கையின் மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறாள். அழுத்தத்தினால் அந்த இடத்துக்கு நீரோட்டம் குறைந்து, கருவி பொய்யாக இறக்கிக் காட்டியிருக்கிறது. கோடு திடீரென்று கிணற்றில் விழுந்தது போல் விழுந்து கிடந்தது. "விரலில் குத்திப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். இல்லை. பத்து விநாடி வேலை. செய்யவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் துணைவியார் சொன்னது இது: "கோயில் மணி அடித்தவுடனே கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறீர்களே, இந்தப் பெட்டியில் மணி அடித்தவுடனே நீங்கள் மட்டும் யோசித்தா செய்தீர்கள்? குழந்தை வாய்விட்டுச் சொன்னாள், அதைக்கூடக் கேட்கவில்லை." நான் எத்தனையோ மேடையில் எத்தனையோ பேரிடம் வாதம் செய்திருக்கிறேன். இதற்குப் பதில் என்னிடமில்லை.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். எண் ஒன்று சொல்லி, பிள்ளையின் தேகம் வேறொன்று சொன்னால், விரலில் குத்திப் பார்க்கிறது. எண்ணில்லாமல் அம்பில்லாமல் கருவி விழித்தாலும் குத்திப் பார்க்கிறது. அடுத்த மாதமே அதேபோல் 55 என்று மணி அடித்தது. குத்தினோம், 118. அவளைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு நாங்களும் தூங்கினோம். கருவி வந்துவிட்டதென்று சோதனைத் தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சித்திரகுப்தன் கணக்கு

இதைவிடப் பெரிய தவறொன்றும் செய்தேன். அதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. அவள் இருக்கும்போதே சொல்லலாமா என்று கேட்டேன்; சொல்லுங்கள் என்றாள்.

இந்தக் கருவியின் எண்ணைத் தகப்பன் வேறு ஊரிலிருந்தும் தன் கைத்தொலைபேசியில் பார்க்க முடியும். நான் பிரசாரத்துக்காக ஊர் ஊராய்ப் போகிறவன். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு நாளைக்கு ஐம்பது அறுபது தரம் பார்ப்பேன். 240 என்று காட்டினால் உடனே கூப்பிடுவேன். "என்ன தின்றாய்? யார் கொடுத்தது? எத்தனை தின்றாய்?" எமலோகத்தில் சித்திரகுப்தன் என்று ஒருவன் ஏட்டை வைத்துக்கொண்டு பாவ புண்ணியக் கணக்கு எழுதுகிறான் என்று புராணக்காரர்கள் சொல்லுவதை எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன். என் பிள்ளைக்கு நானே சித்திரகுப்தனாயிருந்தேன்.

பங்குனி மாதத்தில் ஒரு வாரம் முழுதும் 250, 280 என்று நின்றது. ஊசி போட்டாலும் இறங்கவில்லை. அவள் திருடித் தின்கிறாள் என்று முடிவுகட்டினேன். புத்தகப் பையைச் சோதனை போட்டேன். அவள் அழவுமில்லை, பேசவுமில்லை. நாலாம் நாள் பள்ளியிலிருந்து சைக்கிளில் வரும்போது வழியில் தலை சுற்றி ஒரு டீக்கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் புத்திசாலி, பையிலிருந்த சீட்டைப் படித்து, சர்க்கரை கரைத்துக் கொடுத்து, எங்களுக்குச் சொல்லியனுப்பினார். போய் விரலில் குத்தினால், சர்க்கரை குடித்த பிறகும் 61. கருவி மணி அடிக்கவில்லையா? கைத்தொலைபேசியை அணைத்துப் பையின் அடியில் வைத்திருந்தாள். "ஏன் அணைத்தாய்?" என்றேன். "நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று" என்றாள்.

அந்த மணி எதற்காக இருக்கிறதோ, அந்த நேரத்தில் அது அடிக்காமல் போனதற்குக் காரணம் நான்.

டாக்டரிடம் போனோம். அவர் எண்ணைப் பார்க்குமுன் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வலிக்கவில்லையென்று ஒரே இடத்தில் மாதக்கணக்காக ஊசி போட்டுக்கொண்டதில் அங்கே சதை கட்டிபோல் தடித்துவிட்டிருந்தது. அந்த இடத்தில் போட்ட இன்சுலின் ஒழுங்காக இரத்தத்தில் சேராது. அதனால்தான் 280. அன்றைக்குத் தற்செயலாக வேறிடத்தில் போட்டுக்கொண்டாள். முழு மருந்தும் வேலை செய்து கீழே தள்ளிற்று. கருவி ஒரு வாரமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஊசி போட்டாலும் கோடு இறங்கவில்லையே, ஏன் என்று பார்க்கச் சொல்லிற்று. நான் அதைத் திருட்டுக் குற்றப் பத்திரிகையாகப் படித்தேன்.

சர்க்கரை ஏறுவதற்குத் தின்பது ஒன்றுதானா காரணம்? ஜுரம் வந்தால் ஏறும். பரீட்சைப் பயத்தில் ஏறும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்குச் சமயத்தில் மாறும். வெயிலில் வைத்த இன்சுலின் கெட்டுப்போனால் ஏறும். 2019-ல் பல தேசத்து நிபுணர்கள் கூடி வகுத்த கணக்கின்படி, 70-க்கும் 180-க்கும் இடையில் ஒரு நாளில் நூற்றுக்கு 70 பங்கு நேரம் இருந்தாலே நல்ல கட்டுப்பாடு. அதாவது ஏறக்குறைய 17 மணி நேரம். பாக்கி 7 மணி நேரம் வெளியே போய் வரும் என்று நிபுணர்களே ஒப்புக்கொள்ளுகிறார்கள். நான் 24 மணி நேரமும் கேட்டேன்!

இப்போது எங்கள் வீட்டில் "என்ன தின்றாய்?" என்ற கேள்வி கிடையாது. "இப்போது என்ன செய்யலாம்?" என்பதுதான் கேள்வி. பள்ளி நேரத்தில் 70-க்குக் கீழே போனாலொழிய நான் கூப்பிடுவதில்லையென்று அவளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு தரம் மீறினேன். சீட்டை எடுத்துக் காட்டினாள்.

இட்லியும் கூழும்

இதெல்லாம் சொன்னதனால் கருவி தொந்தரவென்று நினைத்துவிடாதீர்கள். அதனால் கிடைத்த லாபம் அதிகம். முதல் வாரம் ஒன்றையும் மாற்றாமல், சாப்பிட்டதையும் ஊசி போட்ட நேரத்தையும் மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, கோட்டைப் பாருங்கள். மூன்று இட்லிக்கு ஊசி போட்ட கையோடு சாப்பிட்டால் என் மகளுக்கு 260 வரையில் போயிற்று. டாக்டர் சொன்னபடி 15 நிமிஷம் முன்னதாகப் போட்டுக்கொண்டு சாப்பிட்டபோது அதே இட்லி, அதே மருந்து, 190-ஐத் தாண்டவில்லை. கேழ்வரகுக் கூழ் குடித்தால் சர்க்கரை ஏறாதென்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். குடித்துப் பார்த்தால் சோற்றைவிட வேகமாக ஏறிற்று. நைசாக அரைத்துக் காய்ச்சினது சீக்கிரம் ஜீரணமாகிவிடுகிறது. உங்கள் பிள்ளைக்கு வேறு விதமாயிருக்கலாம். பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். என் மகள் இப்போது மாம்பழம் தின்கிறாள். எத்தனை துண்டுக்கு எவ்வளவு மருந்தென்று அவளே கணக்குப் போடுகிறாள். ஏகாதசி, சஷ்டி என்று பிள்ளையைப் பட்டினி போடச் சொல்லும் பாட்டிமார்களுக்கு, கோடு கீழே விழுவதைக் காட்டினால் போதும். என் மாமியாருக்கு நான் பத்து வருஷம் பேசிப் புரியாதது அரை மணியில் புரிந்தது.

இனிப் பணத்தைப்பற்றி. கருவி ஒன்று நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய் ஆகிறது. இரண்டு வாரத்தில் அது குப்பை. கூலி வேலை செய்கிறவன் எங்கே போவான்? நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இன்சுலின் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது; கருவியைப் பெரும்பாலோர் சொந்தப் பணத்தில்தான் வாங்கவேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் முதல் வகைக்காரர் எல்லாருக்கும் இது கிடைக்கவேண்டுமென்று 2022-ல் அரசாங்க மருத்துவ வழிகாட்டியிலேயே எழுதிவிட்டார்கள். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாதென்று நாம் கேட்கவேண்டும். கூட்டமாகச் சேர்ந்து கேட்கவேண்டும். அதுவரையில் என் யோசனை: கடன் வாங்கி மாதா மாதம் போடாதீர்கள். மருந்தளவு மாற்றும் சமயத்திலோ, வருஷத்தில் மூன்று நாலு தரமோ ஒன்று போட்டு, நோட்டில் எழுதி, டாக்டரிடம் காட்டி, அதில் கற்றுக்கொண்டதை வைத்து மற்ற நாளில் விரல் சோதனையோடு நடத்துங்கள். நாங்களும் முதல் வருஷம் அப்படித்தான் செய்தோம். எக்காரணத்தைக் கொண்டும் இன்சுலின் பணத்தை எடுத்துக் கருவி வாங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. பெண் பிள்ளையாயிற்றே, கையில் இது தெரிந்தால் நாளைக்குக் கலியாணம் எப்படி ஆகுமென்று எங்களிடம் கேட்காத உறவினரில்லை. முழுக்கை ரவிக்கை போடச் சொன்னார்கள், தொடையில் ஒட்டச் சொன்னார்கள். மறைத்து வைத்தால் டீக்கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? மூக்குக்கண்ணாடி போட்டவன் கண்ணை மறைத்துக்கொண்டா திரிகிறான்? பிள்ளையின் சிநேகிதிகளுக்கும் வாத்தியார்களுக்கும் அது இன்னதென்று நாமே போய்ச் சொல்லவேண்டும். நாங்கள் சொன்னோம். இப்போது வகுப்பில் இரண்டு பெண்கள் சர்க்கரைப் பொட்டலம் பையில் வைத்திருக்கிறார்கள், இவளுக்காக.

நான் பேசியது போதும். இன்று என் மகளுக்குப் பழைய கருவி முடிகிற நாள். அவளே மேடைக்கு வந்து, பழையதை எடுத்துவிட்டு, புதியதை எப்படி ஒட்டுவதென்று உங்கள் முன்னே செய்து காட்டுவாள். பின்வரிசையில் இருக்கும் தாய்மார்கள் முன்னே வாருங்கள். சந்தேகத்தை என்னிடம் கேட்கவேண்டாம், அவளிடம் கேளுங்கள்.